கைத்தசைக்காரர்

கைத்தசைக்காரரைக் கண்டுபிடிக்க உடம்பைப் பார்க்க வேண்டியதில்லை, சட்டைக்கையைப் பார்த்தால் போதும். மற்றவர் ஒரு மடிப்பு மடிக்கும் இடத்தில் இவர் மூன்று மடிப்பார். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சிடாம் கிரி, சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத்தில் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் தென்படுகிறார். பகலில் சுங்கைப்பட்டாணியில் வேலை, மாலையில் ஜிம். ஜிம்முக்குள் உடை சாண்டோ பனியன். அந்தப் பெயருக்கு மூலவர் உடற்கட்டு வீரர் யூஜின் சாண்டோ (1867–1925). படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் அதே சாண்டோதான்.

கெடாவில் விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் இவருடைய வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது. அட்டவணை போனில் இருக்கிறது. ஞாயிறு நெஞ்சும் ட்ரைசெப்சும், திங்கள் முதுகும் பைசெப்சும், செவ்வாய் கால், புதன் ஓய்வு, வியாழன் தோளும் கையும். குறை சொல்ல முடியாத அட்டவணை. கைக்கு வாரம் இரண்டு முறை வேலை, நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. தசை வளர்வது எடை தூக்கும்போது இல்லை, தூக்கிய பிறகு தின்று தூங்கும்போதுதான். இதை மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை மற்றவர்களுக்கு விளக்குவார். விளக்கும்போது மணி இரவு ஒன்றாகியிருக்கும்.

நடைமுறை வேறு. எந்த நாள் எதில் தொடங்கினாலும் கண்ணாடிக்கு எதிரே பைசெப்ஸ் கர்லில்தான் முடியும். 12 கிலோ டம்பெல்லைக் கை பாதி தூக்கும், மீதியை இடுப்பு ஆட்டித் தூக்கும். மேற்கையின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ட்ரைசெப்ஸ்தான். கை பெருக்க வேண்டுமானால் கவனிக்க வேண்டியது அதைத்தான். ஆனால் அது கைக்குப் பின்பக்கம் இருக்கிறது, கண்ணாடியில் தெரிவதில்லை. பயிற்சி முடிந்ததும் அம்மாவின் தையல் டேப்பால் அளவு எடுப்பார். ரத்தம் ஏறி உப்பிய நேரமாதலால் கணக்கு நன்றாக வரும். காலையில் கால் அங்குலம் குறைந்தால், டேப் இழுபட்டுப் போய்விட்டது என்பார்.

செவ்வாய்க்கிழமை ஓ.டி. வந்துவிடும். கால் நாள் வரும் வாரம் பார்த்துக்கொள்ளப்படும்.

புதன் ஓய்வு நாளாதலால் அன்று கனமான எதையும் தொடமாட்டார். கேஸ் தோங் வந்து இறங்குவதும் அன்றுதான். பாட்டி அதைச் சாய்த்து உருட்டிக்கொண்டே அடுப்படிக்குக் கொண்டுபோவார். காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர் பால் சுமந்து ஆலைக்கொட்டகைக்கு நடந்த தோள் அது. அதற்கிருந்த ஒரே அட்டவணை தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டு. போகிற போக்கில், "ஏன்டா, கை வீங்கியிருக்கு? மருந்து போட்டியா?" என்று கேட்பார்.

சாப்பாட்டில் 70 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 110 கிராம் புரதம் என்பது இவர் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம். கணக்கு இடிக்கும் இடத்தை ரொட்டி சானாய் நிரப்பும்.

வெள்ளி, சனியில் கல்யாணங்கள். மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில், காரின் மறைவில், நாற்பது தண்டால் எடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். படம் எடுக்கும்போது கைகட்டி நிற்பார். கட்டிய கைக்குள் மறைந்திருக்கும் முட்டி, பைசெப்சைப் பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்.