டீ நேரம் அறிந்த கணினி

எங்கள் அலுவலகக் கணினி பதினொன்றரை ஆனால் தானாக அணைந்துவிடும். டீ நேரம் அறிந்த பிறவி! செயலியின் சூடு 100 டிகிரியை நெருங்கினால் உயிர் காக்கத் தானே படுத்துவிடுமாம். குறை சொல்வானேன்? நமக்கு 99 என்றாலே மருத்துவ விடுப்பு. யூ.பி.எஸ்ஸைச் சந்தேகித்ததும் பாவம். அது எப்போதோ காலமாகி, டிபன் பாக்ஸ் வைக்கும் மேடையாகிவிட்டது.

மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். விசிறியில் ஆண்டுக்கணக்கில் தூசி. வெப்பம் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. காற்றுத் துளைகளில் ஆயுத பூஜைச் சந்தனம். ஊதினார், துடைத்தார், புதுப் பசை தடவினார். சந்தனத்தையும் சுரண்டிவிட்டார், பாவி.

இப்போது கணினி அணைவதே இல்லை. மனுக்கள் மளமளவென்று நகர்கின்றன. அலுவலகமே கலங்கிப்போயிருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்கு இரண்டு கிண்ணம் சந்தனம் கூடுதலாகக் குழைக்கச் சொல்லியிருக்கிறோம்.