திரும்பப் பெறுகிறார்களாம்

காலைக் காபியோடு பேப்பரைப் பிரித்தால் ஏழாம் பக்க மூலையில் எங்கள் வண்டி. மாடல் பெயர் போட்டு, ஃப்யூயல் பம்ப்பில் கோளாறு என்று சொல்லி, கம்பெனி அந்தக் கார்களை ‘திரும்பப் பெறுகிறது’ என்று போட்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தமிழ் வாக்கியத்தை அப்படியே நம்பிவிடும் பழக்கம் உண்டு. வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கையில் கொடுக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

“பழைய பேப்பர்காரன் மாதிரி எடைக்கு எடுத்துப்பாங்களா, இல்ல போட்ட காசையே தருவாங்களா?” என்றாள் மனைவி. அதுவரை எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

போகிற பெண்ணுக்குப் பெட்டி கட்டுவதுபோல் வண்டியைக் காலி செய்ய உட்கார்ந்தேன். குன்றத்தூர் முருகன் கோயில் விபூதிப் பொட்டலம் ஆறு. கைப்பிடி போன குடை ஒன்று. ஜவுளிக்கடைக் கட்டைப்பை நான்கு. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் மட்டும் அசைய மறுத்தார். பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் தேங்காய்! குரு பெயர்ச்சிக்குச் சிதறுகாய் விடவென்று வாங்கி, ஒன்று குறைகிறதே என்று கோயில் வாசலில் நான் பூக்காரியிடம் சண்டை போட்ட அதே தேங்காய்.

இங்கே ஒரு வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது. அந்தக் குரு பெயர்ச்சிக்கு அப்புறம் மூன்று மாதமாக, வளைவில் திரும்பும்போதெல்லாம் வண்டிக்குள் ‘கடகட’ என்று ஒரு சத்தம். ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை போய்விட்டேன். “எப்படி சவுண்டு வருது சார்?” என்று அட்வைசர் கேட்க, ஏ.சி. ஹாலில் இருபது பேர் பார்க்க நான் வாயாலேயே வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது ‘கஸ்டமர் ஃபீல்ஸ் நாய்ஸ்’. ஊரெல்லாம் சத்தத்தைக் காதால் கேட்கிறது, நான் மட்டும் உணர்கிறேனாம். மூன்றாம் தடவை வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “இது கம்ப்ளெய்ன்ட் இல்ல சார், இந்த மாடலோட கேரக்டரே அதுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். தேங்காயைத் தவறவிட்டது நான்தான். அதை மாடலின் குணம் என்றது அவர். அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் எல்லாப் பழியையும் தேங்காய் மேல் போட முடியாது. அதற்கு முந்தின மாதம் பல்லாவரம் மேம்பாலத்தின் உச்சியில், சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜின் அணைந்தது. பின்னால் மாநகரப் பேருந்து, அதற்குப் பின்னால் தண்ணி லாரி. பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, இறங்கி வந்து ஜன்னல் பக்கம் நின்று, “பெருசு, பெட்ரோல் போட்டியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஹாரனே மேல். சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, “ஸ்கேன்ல எரர் கோடு எதுவும் வரல சார்” என்றார்கள். வண்டிக்கு ஒன்றுமில்லையாம்.

பேப்பரைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பெட்ரோல் டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் அந்தப் பம்ப்பில் இம்பெல்லர் என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் சுற்றுகிறது. பிளாஸ்டிக் வார்ப்பு அடர்த்தி குறைந்து போனால் அது பெட்ரோலைக் குடித்து, தயிரில் போட்ட வடைபோல உப்பிக்கொள்ளும். உப்பினால் கூட்டில் உரசும். உரசினால் நின்றுவிடும். 2020 முதல் உலகத்தில் பல கம்பெனிகள் இதே காரணத்துக்காக லட்சக்கணக்கான கார்களைக் கூப்பிட்டுப் பம்ப் மாற்றிக் கொடுத்திருக்கின்றன. ‘திரும்பப் பெறுவது’ என்றால் அவ்வளவுதான். கூப்பிடுவார்கள், மாற்றுவார்கள், வண்டியை நம் தலையிலேயே மறுபடி கட்டுவார்கள். பிள்ளையாருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நம் வண்டி அதில் உண்டா என்று பார்க்க 17 எழுத்துள்ள சேஸிஸ் நம்பர் வேண்டும். வண்டிக்கு அதுதான் ஜாதகம். ஆர்.சி.யைப் பார்த்து நான் சொல்ல, மனைவி போனில் தட்டினாள். ‘தவறான எண்’ என்று வந்தது. மறுபடி தட்டினாள், மறுபடி தவறு. இவளுக்குப் போன் பழக்கம் போதாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். கடைசியில் அவள் ஆர்.சி.யைப் பிடுங்கிப் பார்த்து, “என்னங்க, நீங்க ‘ஓ’ன்னு படிச்சது பூஜ்யம்” என்றாள். சேஸிஸ் நம்பரில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராதாம். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடுவார்கள் என்று உலகம் முழுக்க அப்படி ஒரு ஏற்பாடு. யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று தெரிகிறது.

பூஜ்யத்தைப் போட்டதும் பதில் வந்தது: எங்கள் வண்டி பட்டியலில் இல்லை. அட்வைசரிடம் ஓடினேன். “அந்த லாட்ல உங்க வண்டி வராது சார். ரெண்டு வாரம் தள்ளித் தயாராகியிருக்கு.” மேம்பாலத்தில் நின்றது? “அது வேற காரணமா இருக்கும் சார்.” நோய் அதேதான், நட்சத்திரம்தான் வேறு.

விடுவேனா? சட்டம் படித்துக்கொண்டு போனேன். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் அரசே கம்பெனிக்கு உத்தரவு போட்டு வண்டிகளைத் திரும்ப அழைக்க வைக்கலாம். மீறினால் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதம். ஒரு கோடி என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். அட்வைசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வண்டி எந்த வருஷம் சார்?” என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். என்னுடையதற்கு எட்டு. சனியே ஏழரை வருஷம் கூட இருக்கிறார், சட்டம் ஏழிலேயே இறங்கிக்கொள்கிறது.

ஏழுக்கு உள்ளே இருந்தாலும் தனி ஆளாகக் கத்திப் பயனில்லை. விற்ற வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, இத்தனை பேர் ஒரே புகாரைக் கொடுத்தால்தான் கணக்கில் வரும். எங்கள் ஃபிளாட்டில் இதே மாடல் இன்னும் இரண்டு நிற்கின்றன. கையெழுத்துக்குப் போனேன். ஒருவர், “என் வண்டி பட்டு மாதிரி ஓடுது சார்” என்றார். அவர் அதை விற்க விளம்பரம் கொடுத்திருப்பது வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது. இன்னொருவர் வண்டி போன வாரம் கேட்டுக்கு முன்னாலேயே அணைந்து, அதைத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். அவரும் அன்று ஏதோ கிளட்ச் தவறு என்கிறார். கோளாறை வெளியே சொன்னால் ரீசேல் போய்விடுமாம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில்கூட இவ்வளவு ரகசியம் காக்க மாட்டார்கள்.

இதெல்லாம் சிரிப்பு விஷயம் மட்டுமில்லை என்பதற்கு டகாட்டா என்ற கம்பெனியின் ஏர்பேக் ஒன்று போதும். அதற்குள் அம்மோனியம் நைட்ரேட் மருந்து. வருஷக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் அது கெட்டுப்போகும். நங்கநல்லூரில் அப்பளம் நமத்தால் கடிபடாது, அவ்வளவுதான். அந்த மருந்து கெட்டால் அளவுக்கு மீறிச் சீறி எரிந்து, உலோகக் குப்பியையே உடைத்துத் துண்டுகளை முகத்தில் எறியும். ஆட்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தார்கள். புழுக்கமான ஃபுளோரிடா, ஹவாய் பக்கத்து வண்டிகளுக்கு முன்னுரிமை. 2017இல் அந்தக் கம்பெனியே திவாலானது.

அதே அமெரிக்காவில் 2011இல் மாஸ்டா கம்பெனி ஒரு சிலந்திக்காகக் கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறது. பெட்ரோல் வாசனைக்கு மயங்கிய மஞ்சள் சிலந்தி டேங்கின் காற்றுக் குழாயில் வலை கட்டிவிட, டேங்கில் விரிசல் விழும் அபாயமாம். சிலந்தி நுழையாமலிருக்க ஸ்பிரிங் வைத்துக் கொடுத்தார்கள். 2014இல் சிலந்திக்காகவே இன்னொரு முறை 42,000 கார்களைக் கூப்பிட்டார்கள். மழைக்காலத்தில் எங்கள் வண்டியின் வயரை எலி கடித்து 14,000 ரூபாய் பில் வந்தபோது இந்தக் கதையை அட்வைசரிடம் விவரமாகச் சொன்னேன். “அது அமெரிக்கா சிலந்தி சார். எலி வாரண்டியில வராது” என்றார். பிள்ளையார் டாஷ்போர்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வாகனத்தைப் பற்றி அவரிடமே எப்படி முறையிடுவது?

கடைசியில் நானே பம்ப்பை மாற்றிவிட்டேன், குரோம்பேட்டையில் தெரிந்த மெக்கானிக்கிடம். “பில் வேணுமா சார்? போட்டா ஜி.எஸ்.டி. வரும்” என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று மனைவியிடம் தாளில் போட்டும் காட்டினேன்.

எட்டு மாதம் கழித்துக் கம்பெனி பட்டியலை நீட்டியது. இந்த முறை எங்கள் வண்டியும் உண்டு. அட்வைசரே போன் பண்ணினார்: “சார், பம்ப் ஃப்ரீயா மாத்தித் தரோம்.” மாற்றிவிட்டேனே என்றேன். “அப்படியா? பில் இருந்தா கொண்டாங்க, பணத்துக்கு டிரை பண்ணலாம்.”

உங்களிடமும் கார் இருந்தால் இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்து அந்த 17 எழுத்தைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். போன வருஷம் பார்த்தேனே என்று இருந்துவிடாதீர்கள், பட்டியல் நீளும். வெளியே எதை மாற்றினாலும் பில் கேட்டு வாங்குங்கள். ‘ஓ’ மாதிரி ஏதாவது தெரிந்தால், அது பூஜ்யம்.