மைனஸ் மாமா

திருவெம்பாவை தொடங்கிவிட்டது. இனி மாமாவின் ஹீற்றர் நிற்கத் தொடங்கிவிடும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மகள் வீட்டில், 2013 டிசம்பரில் அது ஒரேயொரு முறைதான் நின்றது. கொழும்பில் ஒவ்வொரு மார்கழியும் நிற்கிறது. கொட்டாஞ்சேனைக் கலியாண வீட்டில், தாலி கட்டும் நேரத்தில் நின்றிருக்கிறது. வெள்ளவத்தைச் சலூனில் ஒருவரின் பாதிச் சவரத்தில் நின்றிருக்கிறது. கோயில் வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் இருந்தவரின் புக்கை ஆறிப்போனது. யாராவது தெரியாத்தனமாக, "இண்டைக்குக் கொஞ்சம் குளிர்தான் என்ன?" என்றால் போதும், மாமா மப்ளரைத் தளர்த்துவார். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடைவெளியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் அகப்படுவார்கள்.

"இதையோ குளிரெண்டுறியள்?"

ஹீற்றர் நின்ற கதையை எழுத எனக்கு உத்தேசமில்லை. வாசிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது மைனஸ் கணக்கை. 2014 இல் திரும்பி வந்தபோது மைனஸ் பத்து என்றார். அது உண்மைக்குக் கிட்டிய எண். அடுத்த வருடம் பதினைந்து. தம்பியின் கலியாணத்தில், பெண் வீட்டார் லண்டன்காரர் என்று தெரிந்ததும், ஒரேயடியாக இருபத்திரண்டு. கொரோனாக் காலத்தில் கேட்க ஆளில்லாத ஏக்கத்தில் போனிலேயே முப்பதைத் தொட்டார். போன மார்கழியில் முப்பத்தெட்டு. பூமி சூடாகிறது என்று உலகமே கவலைப்படுகிறது. மாமாவின் ரொறன்ரோ மட்டும் வருடத்துக்கு இரண்டு மூன்று பாகை குளிர்ந்துகொண்டே போகிறது.

என் மகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கிறவள். போன வருடம் ஒருநாள், மாமா கதையில் மழை பெய்யும் இடத்துக்கு வந்ததும், பொறுக்கமுடியாமல் சொன்னாள்: "தாத்தா, மைனஸ் முப்பத்தெட்டில மழை பெய்யாது."

அவள் சொன்னது சரி. ஹீற்றர் நின்ற அன்றைக்கு ரொறன்ரோவில் பெய்தது உறைமழை. பூச்சியத்தை ஒட்டிய குளிரில்தான் அது பெய்யும். மழையாக இறங்கி, பட்ட இடத்தில் கண்ணாடிபோல இறுகிவிடும். அந்தப் பாரம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. அந்த நகரத்தில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகளுக்குக் கறண்ட் போனது. நத்தார் கழிந்தும் பலருக்கு வரவில்லை. நகரசபை சூடேற்றிய மண்டபங்களைத் திறந்து சனங்களை இருத்தியது. இது எல்லாம் நடந்ததுதான். குளிர் இறங்கியது மழைக்குப் பிறகு.

மாமா அவளைப் பார்த்துக் கேட்டார்: "நீ அங்க நிண்டனியோ?"

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் விடை இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஹீற்றர் பழுதே அல்ல. அது காஸில் எரிவது. காஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சூட்டை வீடு முழுக்கத் தள்ளும் விசிறி கறண்டில் ஓடுவது. கறண்ட் இல்லையென்றால் காஸ் இருந்தும் பயனில்லை. 2022 இல் கொழும்பில் எங்களுக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை, இரண்டும் இல்லை. மார்ச் 31 ஆம் திகதி பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டு வந்து, வாசல்படியில் குந்தியிருந்து அட்டைத்துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன். மாமா போன் எடுத்தார். "இங்க கறண்ட் போனா வேர்க்கும், அவ்வளவுதானே?" என்றார். பிறகு மைனஸ் முப்பத்திரண்டு.

ரொறன்ரோவில் வீட்டை வாடகைக்கு விடுபவர் குளிர்காலத்தில் உள்ளே 21 பாகையாவது சூடு இருக்கச் செய்யவேண்டும். அது நகரச் சட்டம். கொழும்பில் மார்கழி விடியற்காலை 22 பாகை. ஆக, ரொறன்ரோச் சட்டப்படி கொழும்பு முழுவதுமே ஹீற்றர் போட்ட வீடுதான். அந்த வீட்டுக்குள்தான் மாமா மங்கி கப், மப்ளர், கம்பளிச் சட்டை, சொக்ஸ் போட்ட காலைத் திணித்த றப்பர் செருப்பு என்று நடமாடுகிறார். மைனஸ் முப்பத்தெட்டை வென்ற மனிதர் பிளஸ் இருபத்திரண்டில் நடுங்குகிறார்.

நடுங்கட்டும். அவர் வெள்ளவத்தை பிளற்றில் நடுங்கினால் எனக்கென்ன? மாமி யாழ்ப்பாணம் போகும் தை மாதத்தில் இரண்டு கிழமை எங்கள் கொலன்னாவை வீட்டுக்கு வந்துவிடுகிறார், அதுதான் சிக்கல். எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கிட்ட எங்கள் வீடு. காற்று வராது, நுளம்பு வரும். நுளம்பைக் கலைக்க இருப்பது ஒரு ஃபான். மாமா வந்ததும் முதல் வேலையாக அதை நிற்பாட்டுவார். அவர் தலை முதல் கால் வரை கம்பளிக்குள் இருப்பதால் நுளம்புகள் எங்களிடம் வரும்.

அதையும் பொறுக்கலாம். குழாயைப் பொறுக்க முடியாது. குளிர் நாட்டில் ஹீற்றர் நின்றால் பைப்புக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாயைச் சொட்டவிடுவார்கள். நல்ல யோசனை, அங்கே. மாமா இங்கும் படுக்கப்போகுமுன் குசினிக் குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டுத்தான் படுப்பார். நான் எழும்பிப் பூட்டுவேன். ஒரு மணிக்கு அவர் எழும்பித் திறப்பார். "பழகிப்போச்சு தம்பி" என்பார். பதினைந்து நாள் குளிரில் பழகியதை, எழுபது வருட வெயிலில் பழகியவரால் விட முடியவில்லை.

சிரிப்பாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 2016 மே மாதத்தை என்னால் சிரித்துக்கொண்டு எழுதமுடியாது. களனி கங்கை பெருகி எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். மேல்வீட்டுக்காரரின் விறாந்தையில் பிள்ளையும் பள்ளிப் புத்தகங்களுமாக ஒதுங்கி இருந்தோம். மாமா போன் எடுத்துக் கேட்டார்: "தண்ணிதானே? உறையேல்லையே?" நான் போனை வைத்துவிட்டேன். மற்றவன் நனைந்துகொண்டிருக்கும்போது, தான் குளிர்ந்த கதையைச் சொல்லக்கூடாது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

போன வருடம் மாமியிடம்தான் முறையிட்டேன். மாமி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னா: "ஒரு ராத்திரிதானே! விடியவே பெறாமகன் வந்து தன்ர வீட்ட கூட்டிக்கொண்டு போட்டான். அங்க கறண்ட் இருந்தது. மிச்ச நாள் முழுக்க இவர் அங்க சீரியல் பாத்தவர்."

எனக்கு வாயெல்லாம் பல். பன்னிரண்டு வருடக் கடன் ஒரே நொடியில் தீர்ந்த மாதிரி. ஆனால் மாமி முடிக்கவில்லை.

"அண்டு ராத்திரி தன்ர கோட்டைக் கழட்டிப் பேத்திக்குப் போத்திட்டு, விடியுமட்டும் கதிரையில குந்திக்கொண்டு இருந்தவர். கையெல்லாம் விறைச்சுப்போச்சு. அதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்."

இதைக் கேட்டு மனமிளகிக் குழாயைத் திறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இந்தத் தையிலும் எழும்பிப் பூட்டத்தான் போகிறேன்; தண்ணி பில் என் பெயரில்தான் வருகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மார்கழியில் காலி வீதியில் மங்கி கப்போடு ஒருவரைக் கண்டால் குளிரைப் பற்றி மூச்சும் விடாதீர்கள். பேச்சுக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அந்தக் கோட்டைப் பற்றிக் கேளுங்கள். கதை அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.