நல்ல தண்ணி குடிக்கும் ட்ரெயிலர்

மச்சான் ரொறன்ரோவில் இருக்கிறான். அவனுடைய பைபர் வள்ளம் காரைநகரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன்.

வாடைக்காற்று எழும்ப முதல் வள்ளத்தைக் கரையிலிருந்து வளவுக்குள் ஏற்றிவிட வேண்டும். பனங்குற்றிகளை அடியில் போட்டுப் பத்துப் பேர் தள்ளினால் அரை மணித்தியால வேலை. பிறகு பத்துப் பேருக்கும் தேத்தண்ணி, வடை. போன வருடக் கணக்கைப் பார்த்த மச்சான், "வடைக்கு இவ்வளவோ?" என்று திகைத்துப்போனான். அன்றிரவே வட்ஸ்அப்பில் தீர்ப்பு வந்தது. "ட்ரெயிலர் ஒண்டு எடுப்பம். உப்புத் தண்ணிக்குத் தாக்குப்பிடிக்கிறதாப் பார். காசைப் பற்றி யோசியாதை."

யோசியாதே என்றவன் அடுத்த நாளே விலை கேட்டான். அது வேறு கதை.

ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருப்பவனுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஏரி நன்னீர். ஆனால் பனிக்காலத்தில் அங்கே றோட்டு உறையாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அது கார்களின் அடிப்பக்கத்தைத் தின்று முடிக்கிறது. ஆனையிறவில் உப்பு விளையும் மண்ணில் பிறந்தவன், கறளைப் பற்றிப் படிக்கக் கனடாவுக்குப் போயிருக்கிறான்!

ஒவ்வொரு இரவும் குரல்பதிவில் பாடம் நடந்தது. அன்ரிகொறோசிவ் பெயின்ற் பூசின ட்ரெயிலர் வேண்டாம், ஒரு கீறல் விழுந்தால் கறள் பெயின்றுக்கு அடியால் ஊர்ந்து போகும். பெட்டிக் குழாய் வேண்டாம், உள்ளே போன கடல்நீர் வெளியே வராது. மேலே மினுங்கும், உள்ளே உளுத்துப்போயிருக்கும். திறந்த சனல் இரும்புதான் கழுவ வசதி. அலுமினியம் நல்லதுதான், ஆனால் அதில் பூட்டுகிற போல்ற் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாக இருந்தால் உப்புத் தண்ணீருக்குள் இரண்டும் சேர்ந்து பற்றரி மாதிரி வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம். சாதகப் பொருத்தம் பார்க்காமல் செய்த சம்பந்தம் என்று அம்மா உடனே விளங்கிக்கொண்டா.

கடைசியில் துத்தநாகத்துக்கு வந்து நின்றோம். சும்மா முலாம் போதாது. ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகின நாகத்துக்குள் சட்டத்தை முழுசாகத் தோய்த்து எடுக்க வேண்டும். அப்படித் தோய்த்தால் கடல் முதலில் நாகத்தைத்தான் அரிக்கும், அது முடியுமட்டும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. வெளிநாட்டுக்குப் போன மூத்தபிள்ளைதான் நாகம். தன்னைத் தேய்த்துத் தம்பி தங்கைமாரைக் கரைசேர்க்கும். இதை மச்சானிடம் சொன்னேன். அவன் அந்த வீட்டு மூத்தவன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

யாழ்ப்பாணத்துப் பட்டறை ஒன்றில் சட்டம் கட்டி, கொழும்புப் பக்கம் அனுப்பித் தோய்த்தெடுத்தோம். வெள்ளி மாதிரி வந்து இறங்கியது. பட்டறைத் தம்பி ஆசையோடு சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, கயிறு கட்ட ஒரு கொக்கி சும்மா ஒட்டி விடுறன்" என்று நான் வாயைத் திறக்க முதல் வெல்டிங் பிடித்துவிட்டான். சூட்டில் அந்த இடத்து நாகம் எரிந்து போயிற்று. ட்ரெயிலரில் முதலாவது கறள் அந்த இலவசக் கொக்கியில்தான் பூத்தது.

பக்கத்து வளவுச் சம்மாட்டி அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். 1967இல் தொடங்கின சீநோர் நிறுவனத்தின் பைபர் படகு கட்டும் தளம் இருந்த ஊர் இது. பைபர் வள்ளம் எங்களுக்குப் புதினமில்லை. ட்ரெயிலர்தான் புதினம். நான் விட்டுக்கொடுக்காமல், வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போன கதையை எடுத்துவிட்டேன்.

"அது தண்ணியிலை போனது தம்பி. நீங்கள் வள்ளத்தை றோட்டிலையல்லோ கொண்டு திரியிறியள்" என்றார்.

முதல் நாள் ட்ரெயிலரை லாண்ட்மாஸ்டரில் பூட்டி, கசூரினாக் கடற்கரைப் பக்கமெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, ஓடின சூட்டோடு நேரே கடலுக்குள் இறக்கினேன். தவறு என்னுடையதுதான். ஓடின சில்லுக் குடம் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, கடல்நீரை உறிஞ்சி பெயரிங்குக்கு ஊட்டிவிடும். ஆறவிட்டு இறக்க வேண்டும் என்ற குரல்பதிவை நான் நித்திரையில் கேட்டிருக்கிறேன் போலும். இரண்டு கிழமையில் சில்லு, பல்லைக் கடிக்கிற பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டது. பெயரிங் மாற்றிக் கிறீஸ் அடைத்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. "ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணியிலை கழுவு" என்ற கட்டளைதான் என்னைக் கொன்றது. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு இருக்கிறது. கழுவாவிட்டால் நாகமும் நெடுநாள் நில்லாது, சரிதான். ஆனால் எங்கள் கிணறே உவர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கணக்கு. குடிக்கிற தண்ணீர் பவுசரில் வரும். வாளியோடு ஒழுங்கையில் வரிசையில் நின்றேன்.

"ஆருக்கு மோனை தண்ணி?" என்று ஆச்சி ஒருத்தி கேட்டா.

"ட்ரெயிலருக்கு ஆச்சி."

அவ என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தா.

அதற்குப் பிறகு ட்ரெயிலர் கடலுக்குப் போகவில்லை. அதில் 1000 லீற்றர் தாங்கி ஒன்றை ஏற்றிக் கட்டியிருக்கிறேன். ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணி இழுக்கிறது. கொக்கியைத் தவிர வேறெங்கும் கறள் இல்லை. வள்ளம் பழையபடி பனங்குற்றியில் ஏறி இறங்குகிறது. வடைக் கணக்கைத் தண்ணீர்க் கணக்கில் எழுதி வருகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சான் வருகிறான். யாராவது அவனைக் கோயில் வீதியில் கண்டால், தாங்கி விஷயத்தை மட்டும் சொல்லிப்போடாதீர்கள்.