பல்லு சொன்ன சாட்சி

வேய் புஷ்ஷு, இப்படி வந்து உக்காரும். அதிபர் பதவியெல்லாம் முடிஞ்சு போச்சு. இனி உண்மையப் பேசுனாலும் ஓட்டு கொறையாது.

1968-ல இளவட்டங்களப் பிடிச்சு வியட்நாமுக்கு அனுப்பிக்கிட்டு இருந்த நேரம். நீரு டெக்சாஸ் வான்காவல் படையில சேந்தீரு. அதுல சேந்தா வியட்நாமுக்குப் போவாம தப்பிக்கலாம்னு, எடம் கெடைக்க எத்தனையோ பேரு காத்துக் கெடந்தாங்க. டெக்சாஸ் சட்டசபைத் தலைவரா இருந்த பென் பார்ன்ஸ், ஒமக்காக நான்தான் சொல்லி வச்சேன்னு 2004-ல டிவியில சொல்லிப்புட்டாரு. எங்க வீட்டுல யாரும் சிபாரிசு கேக்கலைன்னு ஒங்க தரப்பு சொல்லிச்சு. நம்புதேன். பெரிய வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டா குடுப்பாங்க?

சும்மா சொல்லப்படாது, எஃப்-102 போர் விமானத்த ஓட்டத்தான் செஞ்சீரு. 1972 ஏப்ரலோட ஓட்டுனது நின்னு போச்சு. உடம்பு பரிசோதனைக்குப் போவல, பறக்கப்படாதுன்னு உத்தரவும் வந்துச்சு. அப்ப நீரு அலபாமாவுல ஒருத்தருக்கு செனட் தேர்தல் வேலை பாத்துக்கிட்டு இருந்தீரு. அங்கயும் படை வேலைக்கு ஒழுங்கா வந்தாரான்னு 2004 தேர்தல்ல கேட்டாங்க. ஆமா, நான் கண்ணால பாத்தேன்னு நிரூபிச்சா 10,000 டாலர்னு கேலிச்சித்திரம் போடுத கேரி ட்ரூடோ அறிவிச்சாரு. துட்டுக்குத் தகுந்த சாட்சி அம்புடல. வெள்ளை மாளிகை என்னத்தக் காட்டிச்சு? 1973 சனவரியில அலபாமா முகாம்ல பல்லு பாத்துக்கிட்ட சீட்ட! நாட்டுக்கு உழைச்சதுக்குப் பல்லு சாட்சி சொன்ன தலைவரு எனக்குத் தெரிஞ்சு நீரு ஒருத்தருதான்.

ஆனா ஒம்மக் காப்பாத்துனது பல்லு இல்ல வேய், பகையாளி. செத்துப்போன ஒம்ம மேலதிகாரி கில்லியன் ஒம்மக் கொறை சொல்லி எழுதுனதுன்னு சிபிஎஸ் டிவி நாலு தாளக் காட்டிச்சு. தட்டச்சு மிஷின்ல அடிச்ச மாதிரி இல்லையே, கம்ப்யூட்டர் எழுத்தால்லா இருக்குன்னு ஊரே கூடிப்போச்சு. அந்த ஆபீசுல தட்டச்சு பாத்த அம்மா சொன்னதுதான் வேடிக்கை: தாளு பொய்யி, ஆனா சேதி அவரு மனசுல இருந்ததுதான்! யாரு கேட்டா அத? சிபிஎஸ் மன்னிப்புக் கேட்டுச்சு. டான் ராதர் அடுத்த மார்ச்சுல செய்தி நாற்காலிய விட்டு எறங்குனாரு. ஒம்ம கணக்க யாரும் பொறவு தொறக்கல.

அந்தத் தேர்தல்ல எதுத்து நின்ன கெரிய நெனைச்சாத்தான் பாவமா இருக்கு. வியட்நாம் ஆத்துல படகு ஓட்டி, மூணு தடவ காயம்பட்டு, வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் வாங்குன மனுசன். அவரு வீரத்தையே பொய்யின்னு ஒரு கூட்டம் விளம்பரம் போட்டுச்சு. போனவன் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சான், போவாதவன் செயிச்சான்.

இப்ப நீரு படம் வரையுதீராம்லா. போருல அடிபட்டு வந்தவங்கள வரைஞ்சு 2017-ல புஸ்தகமே போட்டுட்டீரு. நல்ல காரியம். கையோட கையா, 1972-ல அலபாமா முகாம்ல விறைப்பா சல்யூட் அடிச்சு நிக்குத ஒம்ம படத்தையும் ஒண்ணு வரைஞ்சிரும். பாத்தவன் ஒருத்தனாவது வேணும்லா?