கேள்விக்குறியார்

முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த ஆய்வு நெறியாளரைத் தெரியும். பாதியில் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆய்வேட்டின் இயலை இரண்டு கையாலும் வாங்கி, கனம் பார்த்து, "வெச்சிட்டுப் போங்கம்மா, பாக்குறேன்" என்பார். சில வாரங்கள் கழித்து அது திரும்பி வரும். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கும். கேள்வி இருக்காது.

இயற்பெயர் மறைந்துபோன சங்கப் புலவர்களைப் பாட்டில் வந்த தொடரை வைத்தே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று அழைத்தார்கள். நம்மவரின் இயற்பெயர் மறையவில்லை, நான்தான் மறைக்கிறேன். ஓய்வூதியக் கோப்பு நகரும் நேரம், பாவம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றி ஆய்வு செய்த ஒரு பெண், 'தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் கேள்விக்குறி. ஆண்டு தப்பா, மாவட்டம் தப்பா? இரண்டுமே சரிதான். ஆதாரம் கேட்கிறாரோ என்று, ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்த விவரத்தைத் தேடிப் பிடித்து அடிக்குறிப்பில் சேர்த்தார். அடுத்த முறை வரியை விட்டுவிட்டு அடிக்குறிப்புக்குக் கேள்விக்குறி வந்தது. 'தொடங்கப்பட்டன' என்பதை 'தொடங்கின' என்று மாற்றினார். கேள்விக்குறி அப்படியே நின்றது, கொஞ்சம் பெரிதாக.

நேரில் போய்க் கேட்கலாமே என்பீர்கள். கேட்டார்.

"ஐயா, இந்த இடத்துல என்ன மாத்தணும்?"

"அத நீங்கதாம்மா யோசிக்கணும். எல்லாத்தையும் நானே சொல்லிட்டா அது என் தீசிஸ் ஆயிடாதா?"

இதற்குமேல் என்ன பேச முடியும்? கேன்டீனில் உட்கார்ந்து உரை எழுத வேண்டியதுதான். எங்கள் ஆய்வாளர்கள் எழுதியும் விட்டார்கள். லேசாக விழுந்த குறி என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தது. தாள் கிழியும்படி விழுந்தால் துறைத்தலைவரோடு அன்று ஏதோ சண்டை. வளைவு இருந்து கீழே புள்ளி இல்லையென்றால், நடுவில் போன் வந்திருக்கிறது. இரண்டு குறி சேர்ந்து நின்றால்? அதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

 

கேள்விக்குறியில் ஒரு வசதி இருக்கிறது. 'இது தவறு' என்று எழுதினால், ஏன் என்று யாராவது கேட்பார்கள். 'இது சரி' என்று எழுதினால், நாளைக்கு வேறொருவர் தவறு என்று காட்டிவிடுவார். கேள்விக்குறி போட்டவரை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்த முடியாது. ஆய்வேட்டைப் புகழ்ந்தால் அவர் செதுக்கியது, திருப்பி அனுப்பினால் அவர் முன்பே எச்சரித்தது.

அப்படித்தான் ஆயிற்று. அதே பெண்ணின் நான்காம் இயலில் ஓர் அட்டவணை. வாங்கிய கடனை எதற்குச் செலவிட்டீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள். விழுக்காடுகளைக் கூட்டினால் 104. ஒருவர் பல பதில் சொல்லலாம் என்றிருந்தால் நூறைத் தாண்டலாம். வினாத்தாளிலோ ஒன்றை மட்டும் டிக் அடிக்கச் சொல்லியிருந்தது. ஆலோசனைக் குழுவில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் செல்போனை எடுத்துக் கூட்டினார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறியது. நம்மவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தப் பக்கத்துல நான் அப்பவே மார்க் பண்ணிருந்தேனேம்மா" என்றார். பண்ணித்தான் இருந்தார், அட்டவணையின் தலைப்புக்கு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது இவர் ஒருவரின் நோய் இல்லை என்பதும் தெரியும். 1998-இல் ஒரு சோதனை வெளியானது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்காரர்கள் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தித் தங்கள் மதிப்பீட்டாளர்கள் 420 பேருக்கு அனுப்பினார்கள். பதில் எழுதியவர்கள் சராசரியாகக் கண்டுபிடித்தது 2. ஒன்றைக்கூடக் காணாதவர்கள் 16 விழுக்காடு. ஆனால் அங்கே கண்டதை எழுதியாவது கொடுத்தார்கள்; அதனால்தான் எண்ணிப் பார்க்க முடிந்தது. கேள்விக்குறிகளை எப்படி எண்ணுவது? நகல் பிடிக்கும் மென்பொருள்கூட எந்த வரி எங்கிருந்து வந்தது என்று கலர் போட்டுக் காட்டுகிறது. 10 விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்று யுஜிசியின் 2018 விதியில் இருக்கிறது. எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் மென்பொருள் எண்ணாகச் சொல்லிவிடுகிறது. இயந்திரத்துக்கு இருக்கிற மரியாதை மனிதருக்கு இருக்கக்கூடாதா? 'இந்த வரிக்கு ஆதாரம் போதாது, தர்மபுரி தரவைப் பாருங்கள்' என்று எழுத ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்து, அந்தப் பெண்ணின் ஒரு செமஸ்டரைச் செலவழித்தார்.

கெட்டவர் இல்லை. கட்டணம் கட்டமுடியாத பிள்ளைக்காக அலுவலகத்தில் போய்ச் சத்தம் போடுவார். தன் அலமாரிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்க மாட்டார். அந்தப் புத்தகங்களின் ஓரத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

பல்கலைக்கழக வாசலில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு மட்டும் அவர்மேல் அப்பழுக்கில்லாத மதிப்பு. ஒவ்வொரு குறிக்கும் பக்க எண் நகரும், பொருளடக்கம் மாறும், இயல் முழுக்க மறுபடி பிரிண்ட், மறுபடி ஸ்பைரல். போன வாரம் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது கவலையோடு கேட்டார்: "ஐயா ஜூன்ல ரிட்டயர் ஆறாராமே சார்? எக்ஸ்டென்ஷன் எதுவும் குடுக்க மாட்டாங்களா?"