ஒழுக்கியல்: சாகண் பழைய வீட்டுக்கு இலக்கணமும் உரையும்

பாயிரம்

புனே–நாசிக் சாலையில் பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வாகன் ஆலைகளும் பெரிய வெங்காயச் சந்தையும் உள்ள ஊர் சாகண். அங்கே வேலைக்கு வந்த தமிழர், வாடகை கொடுத்துச் சலித்து, பழைய ஊருக்குள் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றை வாங்கிவிடுகிறார். கருங்கல் அடித்தளம், மண்சாந்துச் செங்கல் சுவர், மேலே தகரம். அவர் படும் பாட்டுக்கு இலக்கணம் இல்லாத குறையை நீக்கவே இந்நூல். கேட்போர், முதல்முறை வீடு வாங்குவோர். பயன், இரண்டாம் முறை வாங்காமை.

நூற்பா 1: நிலம் சாகண், பொழுது கார், உரிப்பொருள் மேஸ்திரிக்குக் காத்திருத்தல்.

உரை: கருப்பொருள், கறையான், பல்லி, முன்பிருந்தவர் ஆணியோடு விட்டுப்போன காலண்டர். காரும் இருத்தலும் முல்லைக்கு உரியன அல்லவோ எனின், அற்றன்று. முல்லையில் கார் வந்தால் தலைவன் வருவான்; இங்கே கார் வந்தால் மேஸ்திரி வரமாட்டார். 'நாளைக்கு நிச்சயம்' என்று மராட்டியில் சொல்வார். அவர்மேல் குற்றமில்லை. ஆலைக் கட்டடத்தில் மாதக்கணக்கில் வேலை இருக்க, ஒற்றைச் சுவருக்கு யார் வருவார்?

நூற்பா 2: ஆவணம் பேசும், சுவர் பேசாது.

உரை: மகாராஷ்டிரத்தின் 'சாத்பாரா' என்பது கிராமக் கணக்கின் 7, 12ஆம் படிவங்கள் சேர்ந்தது. யார் நிலம், என்ன பயிர் என்பதெல்லாம் அதில் இருக்கும். சுவரில் ஓதம் ஏறியது இராது. ஊர்நத்தத்து வீட்டுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

நூற்பா 3: ஒழுகும் இடத்தில் ஓட்டை இல்லை.

உரை: கட்டில்மேல் சொட்டினால் நேர்மேலே பார்ப்பது பாமரர் வழக்கு. தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே-போல்ட்டின் நட்டுக்கு அடியில், ரூபாய் நாணயம் போல ஒரு தார் வாஷர் இருக்கும். வெயிலில் காய்ந்து வெடித்த அதன் வழியே இறங்கும் நீர், போல்ட்டைச் சுற்றி, இரும்புச் சட்டத்தின் அடிவிளிம்பைப் பிடித்தபடி நடந்து, வெல்டிங் மேடு தட்டும் இடத்தில்தான் சொட்டும். அங்கே எம்-சீல் அப்பினால், இன்னும் சிறிது நடந்து அலமாரிமேல் சொட்டும்.

நூற்பா 4: ஓதம் கீழிருந்து ஏறும், பெயின்ட் மேலிருந்து உதிரும்.

உரை: மண்ணின் ஈரத்தைச் செங்கல்லின் நுண்துளைகள் உறிஞ்சி ஏற்றும், நீர் காற்றில் போனபின் உப்புப் பூக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினால், போக வழியின்றி ஈரம் இன்னும் உயரும். இடுப்பளவுக் கறை தோளளவு ஆகும், செலவும் அவ்வாறே. ஐயம் எழின், சுவரில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுக. சுவர்ப்பக்கம் வியர்த்தால் சுவரின் ஈரம். அறைப்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம், சன்னலைத் திறந்தால் போதும்.

கேடு கீழிருந்து வரும் என்பதற்குச் சான்று இவ்வூரிலேயே உண்டு. 1660 மழைக்காலத்தில் சாகணின் சங்க்ராம்துர்க் கோட்டையை முகலாயத் தளபதி சாயிஸ்தா கான் முற்றுகையிட்டார். சில நூறு வீரர்களோடு மராட்டியக் கோட்டைத் தலைவர் ஃபிரங்கோஜி நர்சாளா ஏறக்குறைய இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். கடைசியில் முகலாயர் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்க, கொத்தளம் தகர்ந்தது. சுவரின் விதி அடியில் உள்ளது என்பதை முகலாயப் படை அறிந்திருந்தது. நம் பெயின்டர் இன்னும் அறியவில்லை.

நூற்பா 5: கூரை முதல், வடிகால் இடை, சுவர் அதன்பின், பெயின்ட் கடை.

உரை: எல்லோரும் இதைத் தலைகீழாகவே செய்வர். என்னை? கிரகப்பிரவேசத்துக்கு மாமனார் வருவார். அவர் பெயின்ட்டைப் பார்ப்பார். வடிகாலைக் குனிந்து பார்த்த மாமனார் எந்நூலிலும் இல்லை.

புறனடை: இங்குச் சொல்லாதன எல்லாம் ஜூனில் மழை சொல்லும்.